பழைய ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சீர்செய்தல்

கிருஷ்ணகிரித் தோப்புகளில் மாங்காய் லோடு ஏற்றும் பழைய ஜீப், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றை ஒலியோடு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். முழுமையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். பச்சை பூத்த டெர்மினலையும், பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிளின் முனைகளையும் சுரண்டி இறுக்கிய அளவிலேயே கிளம்பிவிடும் வண்டிகள் உண்டு. இந்தக் கால் மணி நேர வேலையைத் தவிர்த்துவிட்டுப் புது மோட்டார் வாங்குவது வீண் செலவு.

அதன்பின்னும் கிளம்பாவிட்டால், கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றவும். மோட்டார் கனமானது என்பதால், கடைசி போல்ட் விடுபடும்போது ஒரு கை அதைத் தாங்கியிருக்க வேண்டும்.

மோட்டாரின் பின்மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டும். சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றவும். பிரஷ்கள் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால், அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். எமரித்தாள் கூடாது, ஏனெனில் அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கு இடையே சிக்கினால் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் உடலில் உரசிய பளபளப்பு தெரிந்தால், அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சினைச் சுழற்றிவிடும் பென்டிக்ஸ் பல்சக்கரம் ஒரு திசையில் மட்டுமே தடையின்றிச் சுழல வேண்டும். ஆர்மேச்சர் கருகியிருந்தால் முழு மோட்டாரையும் மாற்றுவதே நல்லது. பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று, பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு வாங்கவும்.