மளிகைக் கூப்பனில் உண்மையாகவே மிச்சம் பிடிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் நான்கு பேர். கூப்பன் பார்த்து மளிகை வாங்கத் தொடங்கிய முதல் இரண்டு மாதமும் செலவு குறையவில்லை, கூடியது. பழைய பில்களை எடுத்து வரிவரியாகப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. தேவைக்கு வாங்கியதைவிட, கூப்பன் இருக்கிறதே என்று வாங்கியவைதான் அதிகம். அதன்பிறகு முறையை மாற்றினேன். அந்த முறை இதுதான்.

1. முதலில் பட்டியல்

கூப்பனைத் தேடும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். நான் புதிய சோப்புத்தூள் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே பிரித்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதிவிடுவேன். காலியாகும் அன்று, ஒரு கிலோ எத்தனை நாளுக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு 24 நாள். சலுகையில் எத்தனை பாக்கெட் வாங்கலாம் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

2. கூப்பன் சேர்ப்பது

பாக்கெட்டுக்குள், பில்லின் பின்புறம், கடையின் ஆப், மெயில் என்று பல வழிகளில் கூப்பன் வரும். தயாரிக்கும் நிறுவனம் தருவது ஒரு வகை, கடை தருவது இன்னொரு வகை. இரண்டையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துப் போட விடும் கடைகளும் உண்டு, விடாத கடைகளும் உண்டு. பொருளை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கூப்பனுக்கென்று தனி மெயில் ஐடி வைத்துக்கொள்வது நல்லது. கூப்பனைத் தானாகத் தேடித் தரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் எனக்குப் பிடிக்காது. நாம் பார்க்கும் பக்கங்களையெல்லாம் படிக்க அனுமதி கேட்பவை அவை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், போனில் இருக்கும் கால்குலேட்டர், இவை இரண்டும் போதும். நோட்டில் கடைசித் தேதி வரிசைப்படி எழுதினால் எதுவும் காலாவதியாகிப் போகாது.

3. சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் தள்ளுபடி 33 சதவீதம்தான். '20 சதவீதம் கூடுதல் அளவு' என்பது விலையில் 17 சதவீதம்கூட வராது. '50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்' என்றால் 70 அல்ல, 60. ஏனென்றால் அந்த 20, மீதமுள்ள பாதியில்தான் கழியும்.

எடையையும் பாருங்கள். விலையை கிராமால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 100 கிராமின் விலை வரும். இரண்டு பிராண்டை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

4. குறைந்தபட்சத் தொகை

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கூப்பனில் '1,000-க்கு மேல் வாங்கினால் 15 சதவீதம் தள்ளுபடி' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 'அதிகபட்சம் 100'. என் கூடையில் 1,040-க்குப் பொருள் இருந்தது. பொருட்களுக்கே இருந்த தள்ளுபடி 60 கழிந்ததும் தொகை 980 ஆகிவிட்டது, கூப்பன் ஏறவில்லை. பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரத்தில் 150-க்கு பிஸ்கட்டை எடுத்துப் போட்டேன். 1,130-இல் 100 கழிந்து 1,030 கட்டினேன். கூப்பனே இல்லாமல் வந்திருந்தால் 980-தான்!

மற்றத் தள்ளுபடிகள் கழிந்த பிறகு வரும் தொகையைத்தான் பல கடைகள் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கின்றன. எனவே அந்தத் தொகையை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். குறைந்தால் நிரப்புவதற்கு, அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற கெடாத பொருள் இரண்டு மூன்றைப் பட்டியலின் அடியில் எழுதி வையுங்கள். அன்று 40-க்கு ஒரு பற்பசை எடுத்திருந்தால் 920-தான் ஆகியிருக்கும்.

இன்னொன்று. அதிகபட்சம் 100 என்பதால், 1,000-க்கு வாங்கினாலும் கிடைப்பது 10 சதவீதம்தான். அதற்கு மேல் வாங்க வாங்க அதுவும் குறையும். இப்படிப்பட்ட கூப்பனுக்குக் குறைந்தபட்சத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

5. பில் போடும்போது

கூப்பனை முன்கூட்டியே காட்டுங்கள். கழிந்ததா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கூப்பன் தள்ளுபடியைப் பொருட்களுக்குப் பிரித்து, அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டுதான் பெரும்பாலும் பணம் தருவார்கள். மீதித் தொகை குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் கூப்பனையே ரத்து செய்யும் கடைகளும் உண்டு. அளவோ வகையோ சரியாகத் தெரியாத பொருளைத் தனி பில்லாகப் போட்டுவிடுங்கள்.

கேஷ்பேக் பற்றியும் கேட்டிருந்தார்கள். நான் அதை மிச்சக் கணக்கில் உடனே சேர்ப்பதில்லை. கட்டிய முழுத் தொகையை நோட்டில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைப்பேன். பணம் கணக்கில் ஏறிய அன்றுதான் அந்த வட்டத்தை அழித்துவிட்டுத் தொகையைக் கழிப்பேன்.