வெளிக்கடையில் பாகம் பொருத்தும் முன்: புதுக் காரின் உத்தரவாதத்தைக் காத்துக்கொள்ளும் முறை

பினாங்கில் புதுக் கார் எடுக்கும் நம் குடும்பங்கள் முதலில் கோவிலுக்குப் போகின்றன. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கி, கற்பூரம் காட்டி முடிந்ததும் அடுத்ததாகப் போகுமிடம் பெரும்பாலும் அக்செசரி கடைதான். டிண்ட், டேஷ்கேம், ஆண்ட்ராய்டு பிளேயர், பெரிய ரிம் என்று முதல் வாரத்திலேயே நாலைந்து வேலைகள் நடந்துவிடும். பிறையில் ஒரு சர்வீஸ் சென்டரின் முகப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த முதல் வாரத்து முடிவுகள் மூன்றாம் ஆண்டில் எப்படித் திரும்பி வருகின்றன என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் ஒரு சாரார், ரிம் மாற்றியதால் உத்தரவாதம் முழுவதும் போய்விட்டது என்று தாங்களே முடிவு கட்டி, ஏர்கான் கம்ப்ரசருக்குக் கைக்காசு கொடுத்தார்கள். மற்றொரு சாரார், எதை மாற்றினாலும் நிறுவனம்தான் பொறுப்பு என்று நம்பி, வாதாடித் தோற்றார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய இழப்புகள்.

உத்தரவாதம் என்பது பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைக்கு நிறுவனம் தரும் வாக்குறுதி. 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை என்ற வாசகம் நம் நாட்டில் பரவலாகக் காணப்படுவது. ஆனால் பேட்டரி, டயர், வைப்பர், பிரேக் பேட் போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. உங்கள் காரோடு வந்த உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து, மலாயில் ‘உபா சுவாய்’ (மாற்றியமைத்தல்) என்ற சொல் வரும் பகுதியைத் தேடிப் படியுங்கள். அங்கே இரண்டு விதமான வாசகங்கள் இருக்கக்கூடும். ‘மாற்றியமைத்ததால் ஏற்பட்ட பழுதுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதியிருந்தால், அந்த மாற்றத்தால் விளைந்த பழுது மட்டுமே விலக்கப்படுகிறது. ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதியிருந்தால், நிறுவனம் தன் கையில் இன்னும் அதிக அதிகாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வரியின் வேறுபாட்டைப் படிக்காமல் எந்தக் கடைக்கும் காரை ஓட்டிச் செல்லாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வாசகம் தெளிவில்லை என்றால், பொருத்த நினைக்கும் பாகத்தின் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். முகப்பில் நின்று வாய்மொழியாகக் கேட்ட பதில், சொன்னவர் வேலை மாறிப் போனபின் எதற்கும் உதவாது.

அடுத்து, எந்த மாற்றம் எந்தப் பழுதோடு தொடர்புடையது என்பதை நீங்களே ஓரளவு கணிக்க வேண்டும். இஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டினால், தயாரிப்பாளர் கணக்கிட்டதைவிடக் கூடுதல் முறுக்கு விசை சிவிடி கியர்பெட்டியின் பெல்ட் மீது விழுகிறது. பிறகு டர்போவோ பிஸ்டனோ கியர்பெட்டியோ பழுதானால், மறுப்பதற்கு நிறுவனத்திடம் நியாயமான காரணம் இருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தியவர் அப்சார்பர் உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது. அளவுக்கு மீறி வெளியே தள்ளி நிற்கும் ரிம், சக்கர பேரிங்கின் மீது விழும் சுமையின் இடத்தையே மாற்றிவிடுகிறது. எண்ணெய் பூசிய பருத்தி ஏர் ஃபில்டரைக் கழுவியபின் எண்ணெயை அதிகமாகத் தடவினால், அது காற்றளவு சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்து தவறான கணக்கைக் கொடுக்கும். ஆனால் இவற்றில் எதுவுமே பவர் விண்டோ மோட்டாருக்கோ ஏர்கானுக்கோ காரணமாகாது; அந்தப் பாகங்களுக்கான கோரிக்கையை நீங்கள் தயங்காமல் வைக்கலாம்.

மின்சார வேலை மட்டும் இந்த எல்லைகளுக்குள் நிற்பதில்லை, ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வயதுகூட ஆகாத ஒரு கார், காலையில் சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது என்று எங்களிடம் வந்தது. கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தபோது, காரின் சொந்த ஒயர் ஒன்றின் மீது நீல நிறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் கிளிப் கடித்துக்கொண்டிருந்தது. டேஷ்கேமுக்கு மின்சாரம் எடுப்பதற்காக ஒயரின் உறையைத் துளைத்து மாட்டும் வகை அது. கிளிப்பை நீக்கியதும், உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து, தொட்டால் உதிர்ந்தது. நம் ஊர் ஈரப்பதம் அந்தச் சிறு துளை வழியே தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. “தம்பி, கேமரா வெச்சதுக்கும் கார் ஸ்டார்ட் ஆகாததுக்கும் என்ன சம்பந்தம்?” என்று காரின் உரிமையாளரான பெரியவர் கேட்டார். அந்த ஒயர் கதவுப் பூட்டு, விளக்கு, ஸ்டார்ட் கட்டளை அனைத்தையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் ஒயர் என்பதைக் காட்டி விளக்கியபோது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. கோரிக்கை மறுக்கப்பட்டது. அதே கேமராவை ஃபியூஸ் பெட்டியில், காலியாக உள்ள இடத்தில், தனி ஃபியூஸ் கொண்ட இணைப்பானால் மாட்டியிருந்தால் எந்த ஒயரையும் துளைக்க வேண்டியிருந்திருக்காது.

ஆகவே கடைக்காரரிடம் மூன்று சொற்களைச் சொல்லப் பழகுங்கள்: “ஒயரை வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள்.” ஆண்ட்ராய்டு பிளேயர் வாங்கினால், உங்கள் கார் மாடலுக்கென்றே வரும் பிளக் உள்ளதா என்று கேளுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் கேமரா என்றால், பேட்டரி மின்னழுத்தம் இறங்கியதும் தானாக நின்றுவிடும் வசதி அதில் இருக்க வேண்டும். டிண்ட் வேலையில், கண்ணாடியில் ஒட்டும் தாள் எந்தத் தீங்கும் செய்வதில்லை, தண்ணீர்தான் செய்கிறது: கண்ணாடியில் தெளிக்கும் சோப்பு நீர் வழிந்து, கதவுச் சுவிட்சுக்குள்ளும் டேஷ்போர்டின் இடுக்குகளுக்குள்ளும் இறங்கும். துண்டு விரித்துச் சுவிட்சுகளை மூடியபின் வேலையைத் தொடங்கச் சொல்லி, முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

விற்பனையாளர் இலவசமாகத் தரும் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷோரூமிலேயே பொருத்திக் கொடுத்தார்கள் என்பதால் அது நிறுவனத்தின் பாகம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது வெளிக்கடையில் விற்பனையாளர் சொந்தச் செலவில் போட்டுக் கொடுத்ததாக இருக்கலாம். நிறுவனத்தின் அங்கீகரித்த அக்செசரி பட்டியலில் அது உண்டா என்று கேட்டு, உண்டென்றால் கார் வாங்கும் விலைப்பட்டியலிலேயே பாகத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெளியில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ரசீதில் தேதி, கார் எண், ஓடிய கிலோமீட்டர், பாகத்தின் மாடல், கடையின் முத்திரை ஆகியவை இருக்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய அசல் பாகங்களைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் சர்வீசுக்கு முந்தைய நாள் அசல் பாகத்தைத் திரும்ப மாட்டி, ஒன்றும் நடக்காததுபோல் வருவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய கார்க் கணினிகள் பலவற்றில், மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகியிருக்கும். பழுது தோன்றிய நொடியில் வேகமும் வெப்பமும் எவ்வளவு என்பதும் நினைவில் நிற்கும். மறைத்தது வெளிப்பட்டால், நியாயமான மற்றக் கோரிக்கைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம் பழுதானது, எந்த மாற்றத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள், அந்த மாற்றம் இந்தப் பழுதை எப்படி உண்டாக்கியது என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத மறுப்பு, பெரும்பாலும் தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போதே தளர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பழுதான பாகத்தை எறிய வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வேறொரு மெக்கானிக்கின் கருத்தையும் எழுத்தில் வாங்குங்கள். யூடியூபில் அமெரிக்கர்கள் 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் சட்டத்தைச் சொல்லி வாதிடுவதைக் கண்டு, அதையே இங்கு வந்து சொல்பவர்கள் உண்டு. அது அமெரிக்காவின் உத்தரவாதச் சட்டம். பட்டர்வொர்த்தில் வாங்கிய காருக்கு அதை நீட்ட முடியாது.

நமக்கு உள்ளது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உரிமையை அது தருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. அதே சமயம், பொருளை நியாயமற்ற முறையில் பயன்படுத்தியதால் வந்த பழுதுக்கு அது கைகொடுக்காது. நிறுவனத்தோடு பேசித் தீராதபோது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். கோரிக்கைக்கான காரணம் எழுந்து 3 ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் இரு தரப்பும் நேரடியாகவே பேசுவார்கள். மனு எழுதத் தடுமாறுவோர் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

உத்தரவாதம் வேறு, சாலைச் சட்டம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். முன்கண்ணாடியில் 70 விழுக்காடும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதியை எந்த உத்தரவாதமும் தளர்த்தாது. இஞ்சினையே மாற்றுவதென்றால் ஜேபிஜே ஒப்புதலும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் வாகனச் சோதனையும் தேவை. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்துவிடுங்கள்.

நடுவர் மன்றத்துக்குப் போகும் நாளில் கையில் இருக்க வேண்டியவை சர்வீஸ் புத்தகம், உத்தரவாதப் புத்தகம், கார் வாங்கிய விலைப்பட்டியல், வெளிக்கடை ரசீதுகள், படங்கள், மறுப்புக் கடிதம், இரண்டாம் மெக்கானிக்கின் கருத்து ஆகியவை; ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, தேதி வரிசையில் அடுக்கி, கிலோமீட்டர் எண்களின்மேல் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுபோங்கள்.