பேச்சாளரை மேடையேற்றும் முன் அரை மணி நேரம் போனில் பேசுங்கள்: மகளிர் சேவைச் சங்கங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நான் பொறுப்பெடுத்து நடத்திய முதல் பேச்சு நிகழ்ச்சி 1 மணி 20 நிமிடம் ஓடியது. நாங்கள் கேட்டிருந்தது 30 நிமிடம். வந்தவர் பெயர் பெற்றவர், மேடை பழகியவர். ஆனால் தான் வாங்கிய விருதுகளில் தொடங்கி விருதுகளிலேயே முடித்தார். கடைசி இரண்டு வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போவதை மேடையோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. பேச்சைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

அவர் மேல் தப்பில்லை. "பெண்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். ஏதாவது பேசச் சொன்னால் ஏதாவதுதான் கிடைக்கும்.

அப்புறம் பல கூட்டங்கள் நடத்தியாகிவிட்டது. பேச்சு நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் மேடைக்கு வெளியே, முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம். சங்கத்தில் முதல்முறையாக இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவருக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஆளைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

நிகழ்ச்சிக்கு 8 வாரம் முன்பு தொடங்குங்கள். "யார் பேச வந்தால் நன்றாக இருக்கும்?" என்று உறுப்பினர்களைக் கேட்டால் தொலைக்காட்சியில் பார்த்த நாலு பெயர்கள்தான் வரும். அதற்குப் பதில், மாதக் கூட்டத்தின் முடிவில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, பெயர் போடாமல் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லுங்கள்: "கடந்த ஆறு மாதத்தில் செய்ய நினைத்துத் தயங்கி விட்டுவிட்ட ஒரு விஷயம் என்ன?"

வருகிற சீட்டுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வேலைக்குத் திரும்பிப் போக ஆசை, விண்ணப்பிக்கப் பயம். வீட்டு வரவுசெலவைத் தன் கையில் எடுக்க வேண்டும், கேட்கத் தயக்கம். இருபது வருடமாக உறுப்பினர், இன்னும் கூட்டத்தில் ஒருமுறைகூட மைக்கைப் பிடித்ததில்லை. மூன்று நான்கு சீட்டுகள் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் உங்கள் தலைப்பு.

அதையும் கேள்வியாகவே எழுதிக்கொள்ளுங்கள். "பெண்ணால் முடியும்" என்ற தலைப்பை வைத்துக்கொண்டு யாரை அழைப்பது? உலகத்தில் பாதிப் பேரை அழைக்கலாம். "பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய ஒருவர் முதல் மூன்று மாதத்தை எப்படி ஓட்டினார்?" என்று எழுதிப் பாருங்கள். யாரை அழைப்பது என்பது பாதி தெரிந்துவிடும்.

படி 2: பேச்சாளர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறார்

மகளிர் சேவை அமைப்புகளின் ஒரு சின்ன வரலாறு. சோண்டா 1919-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலும், சோராப்டிமிஸ்ட் 1921-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டிலும், இன்னர் வீல் 1924-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் தொடங்கின. லயன்ஸும் ரோட்டரியும் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1980களின் கடைசியில்தான். சோண்டாவும் சோராப்டிமிஸ்டும் வெவ்வேறு தொழில் செய்கிற பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்த அமைப்புகள். வழக்கறிஞர், மருத்துவர், வணிகர் என்று பல துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது, பேசவும் கேட்கவும் அங்கேயே ஆள் இருந்தது. உங்கள் சங்கத்திலும் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் பகலில் என்ன வேலை செய்கிறார் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியுமா? முதல் நிகழ்ச்சியை ஓர் உறுப்பினரை வைத்தே நடத்திப் பாருங்கள். தப்பு நேர்ந்தாலும் வீட்டுக்குள்ளேயே நேர்ந்த மாதிரி.

அடுத்து, சங்கத்தின் உதவி பெற்றவர்கள். கல்வி உதவித்தொகை பெற்றுப் படித்து முடித்தவர் பேசினால், பணம் கொடுத்தவர்களுக்கு அது வேறு யார் சொல்வதையும்விட நன்றாக உறைக்கும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. உதவி பெற்றவரால் உங்களிடம் "முடியாது" என்று எளிதில் சொல்ல முடியாது. "மறுத்தாலும் உதவி நிற்காது" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வன்முறையிலிருந்து மீண்டு வந்தவர் என்றால் நடந்ததை மேடையில் மறுபடி விவரிக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு எப்படி எழுந்தார் என்பதை, அதுவும் அவர் விரும்பினால் மட்டும், பேசட்டும். படம் எடுக்கலாமா, பெயர் போடலாமா, பதிவு செய்யலாமா என்பதற்குத் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். ஒன்றுக்குச் சரி என்றால் மூன்றுக்கும் சரி என்று அர்த்தமில்லை.

இவை இரண்டும் சரிவராவிட்டால் வெளியாள். அப்போது பெயரைவிட, அந்தத் துண்டுச்சீட்டுக் கேள்வியைத் தானே கடந்து வந்தவரா என்று பாருங்கள்.

படி 3: அழைப்புக் கடிதம்

6 வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி:

"எங்கள் சங்கத்தில் 40 பெண்கள் இருக்கிறோம். வேலைக்குத் திரும்புவது பற்றிப் பலருக்குக் கேள்விகள் உள்ளன. நீங்கள் அதைச் செய்தவர் என்பதால் உங்களை அழைக்கிறோம். பேச்சு 20 நிமிடம், கேள்விபதில் 20 நிமிடம். போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் தருகிறோம். முடியுமானால் முன்பே அரை மணி நேரம் போனில் பேச விரும்புகிறேன்."

இதோடு தேதி, நேரம், இடம், மதிப்பூதியத் தொகை, உங்கள் போன் எண் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். "சேவைச் சங்கம்தானே, சும்மா வருவார்" என்று நினைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். பெண்களின் உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்று பேசுகிற மேடைக்கு ஒரு பெண்ணை இலவசமாக வரவழைப்பது என்ன நியாயம்? தர முடியாத நிலை என்றால் அதையாவது கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

படி 4: அந்த அரை மணி நேர போன்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். 3 வாரம் முன்பு, பேச்சாளரும் நீங்களும் மட்டும்.

ஒருமுறை சிறுதொழில் நடத்துகிற ஒருவரை அழைத்திருந்தோம். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பல தடைகளைத் தாண்டி வந்ததைப் பற்றி" என்றார். "ஒரு தடையை மட்டும் சொல்லுங்களேன்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, கடன் கேட்டுப் போன நாளில் எதிரே இருந்தவர் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டதைச் சொன்னார். பதில் சொல்லத் தெரியாமல் வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாராம். நிரப்பாமல் விட்ட இடம் ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பவும் உள்ளே போனாராம். "இங்கிருந்தே தொடங்குங்கள், வணக்கம் கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்றேன். அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை.

போனில் நான் கேட்பவை இவை.

"அந்த நாளைச் சொல்லுங்கள். எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள்?" பொதுவாகப் பேசுகிறவரை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் இழுத்துக்கொண்டு வரும் கேள்வி இது.

"எது சரியாக வரவில்லை?" வெற்றியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்பவருக்குத் தூரம்தான் கூடும்.

"யார் உதவினார்கள்?" இதைத்தான் பலர் கேட்பதில்லை. குழந்தையை யார் பார்த்துக்கொண்டார், முதல் பணம் எங்கிருந்து வந்தது, எந்த மேலதிகாரி கண்டும் காணாமல் விட்டார் என்பதெல்லாம் பேச்சில் வர வேண்டும். எல்லாவற்றையும் தனி ஆளாகச் சாதித்தேன் என்கிற கதையைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவர், "நமக்குத்தான் திறமை போதவில்லை" என்று நினைத்துக்கொண்டு படுப்பார். உதவியின் கணக்கையும் சேர்த்துச் சொன்னால், தனக்கு எந்த உதவி இல்லை என்பது அவருக்குப் புரியும். அதைக் கேட்டு வாங்கவும் தோன்றும்.

"எதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது?" பதிலைக் குறித்துவைத்து, கேள்விபதிலை நடத்துகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, "கேட்டவர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?" சின்னதாக இருக்கட்டும். பழைய சக ஊழியருக்கு ஒரு செய்தி அனுப்புவது, வங்கிக் கணக்கு விவரத்தை ஒரு தாளில் எழுதுவது, அந்த அளவு போதும்.

படி 5: நேரக் கணக்கு

இணையத்தில் உலகமே பார்க்கிற டெட் (TED) பேச்சு மேடையில் உச்ச வரம்பு 18 நிமிடம். உலகப் புகழ் பெற்றவர்களுக்கே அவ்வளவுதான் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் 20 நிமிடம் கேட்டு, நிரலில் 30 நிமிடம் ஒதுக்குவேன். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பேச்சாளரே இல்லை, நம் ஆட்கள்தான். வரவேற்புரை, தலைவி உரை, செயலாளர் அறிக்கை, அப்புறம் வாழ்த்துரை மூன்று. இவற்றையெல்லாம் சேர்த்து 10 நிமிடத்துக்குள் முடிக்க முடியாவிட்டால் பேச்சுக்குப் பிறகு தள்ளிவிடுங்கள்.

மேடைப்பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் நேரத்தைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சைகை காட்டும் வழக்கம் உண்டு. மூன்று வண்ண அட்டையோடு ஒருவரை இரண்டாம் வரிசையின் நடுவில் உட்கார வையுங்கள். 15-ஆவது நிமிடம் பச்சை, 18-இல் மஞ்சள், 20-இல் சிவப்பு. பேச்சாளருக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும், திடீரென்று சிவப்பு அட்டையைக் காட்டினால் நன்றாக இருக்காது.

படி 6: அரங்கம்

அரை மணி நேரம் முன்பே மைக்கைப் போட்டுப் பேசிப் பாருங்கள். சட்டையில் குத்துகிற காலர் மைக் என்றால் கழுத்துச் சங்கிலி அதில் உரசி கரகரவென்று சத்தம் வரும், கழற்றி வைக்கச் சொல்லலாம். "என் குரல் பெரிசு, மைக் வேண்டாம்" என்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். காது சரியாகக் கேட்காதவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். 40 பேர் வருவார்கள் என்றால் 40 நாற்காலிதான். 100 போட்டால் எல்லோரும் பின்னால் போய் உட்கார்வார்கள். பேச்சாளர் மேடைப் படி ஏறுவாரா, கீழேயே பேச வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: அறிமுகவுரை

முழுத் தன்விவரக் குறிப்பையும் படிக்காதீர்கள். பிறந்த ஊரிலிருந்து வாங்கிய பட்டங்கள் வரை படித்து முடிப்பதற்குள் அரங்கம் களைத்துவிடும். மூன்று வாக்கியம் போதும்: எங்களுக்கு இருந்த கேள்வி என்ன, இவர் ஏன் அதற்குப் பொருத்தமானவர், இவர் பெயர் என்ன. பெயரைக் கடைசியில் வைத்தால் கைதட்டல் சரியான இடத்தில் விழும். அதை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பேச்சின் கதையை அறிமுகத்திலேயே உடைத்துவிடவும் கூடாது. நான் ஒருமுறை செய்திருக்கிறேன், பேச்சாளர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

படி 8: கேள்விபதில்

"யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றதும் வரும் அந்த அமைதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்வித்துறைக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் கேள்வியை ஒரு பெண் கேட்டால் தொடர்ந்து மற்ற பெண்களும் அதிகம் கேட்கிறார்கள் என்று கண்டது. பெண்களே நிறைந்த நம் அரங்கத்திலும் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முதல் கேள்வி மூத்த நிர்வாகியிடமிருந்து வந்தால் அடுத்தடுத்த கேள்விகளும் அந்த வரிசையிலேயே சுற்றும். புது உறுப்பினர் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்து அவரைத் தொடங்க வையுங்கள். அதற்கும் முன்னால் 2 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளச் சொன்னால் கேள்விகள் தானாகவே வந்து விழும். எழுதிக் கொடுக்கத் துண்டுச்சீட்டும் இருக்கட்டும், சில கேள்விகளை யாரும் எழுந்து நின்று கேட்க மாட்டார்கள். கேள்வி என்று ஆரம்பித்துத் தன் சொந்த உரையை நிகழ்த்துகிறவர் எல்லாச் சங்கத்திலும் ஒருவர் உண்டு. மைக்கை அவர் கையில் கொடுக்காமல், நடத்துகிறவரே பிடித்துக்கொண்டால் போதும்.

படி 9: கைதட்டல் அடங்கிய பிறகு

விமானி அமேலியா இயர்ஹார்ட் சோண்டாவின் உறுப்பினர். 1937-இல் அவர் விமானத்தோடு காணாமல் போனார். அடுத்த ஆண்டே சோண்டா அவர் பெயரில் ஒரு உதவித்தொகையைத் தொடங்கியது. இன்றும் அது விண்வெளி, விமானவியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்களுக்குப் போகிறது. மனதைத் தொட்டதைத் தொடரும் காரியமாக்க, நம் அளவில் ஒரு தாள் போதும். வாசலில் ஒரு மேசை போட்டு, மூன்று நெடுவரிசை போட்ட தாளை வையுங்கள்: பெயர், போன் எண், "நான் செய்ய நினைப்பது". பேச்சாளர் சொன்ன அந்த ஒரு காரியத்தைத் தாளின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். 40 பேரில் 6 பேர் எழுதினால் எனக்கு அது நல்ல கூட்டம்.

அன்று இரவே பேச்சாளருக்கு நன்றி அனுப்புங்கள், அவர் பேச்சில் உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தைக் குறிப்பிட்டு. மதிப்பூதியத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள், அவர் கேட்கும்படி வைக்கக் கூடாது. தாளில் எழுதியவர்களை ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவராக அழைத்து, "ஆரம்பிச்சாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். சிலர் சிரித்துச் சமாளிப்பார்கள், பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து, யார் என்ன செய்தார்கள் என்று பேச்சாளருக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். சிறுதொழில் நடத்துகிறவரைப் பற்றிச் சொன்னேனே, அவருக்கும் அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் அவரே போன் செய்து, கடன் விண்ணப்பம் போட்டிருக்கிற அந்த இரண்டு உறுப்பினர்களின் எண்ணைத் தர முடியுமா என்று கேட்டார்.