ஐயத்துக்கு இடமில்லாத அறிவை அடையும் முறை

இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை புழலையும் செம்பரம்பாக்கத்தையும் நிரப்புமா என்று எத்தனை ஆழ்ந்து சிந்தித்தாலும், சிந்தனையால் மட்டும் விடை கிடைக்காது. அதற்கு வானிலைத் தரவுகள் வேண்டும். அவை கைக்கு வந்த பிறகும் கிடைப்பது வாய்ப்பின் அளவே அன்றி உறுதி அன்று. ஆகவே, புலனனுபவத்தைவிடப் பகுத்தறிவையே உறுதியின் ஊற்றாகக் கொண்ட அறிவுமுதல்வாதிகள் வகுத்த முறையைப் பயில விரும்புகிறவர், அறிவால் மட்டுமே தீர்வு காணக்கூடிய ஒரு கூற்றை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுத்தால் முரண்பாட்டில் முடியும் உண்மைகளையும், மறுத்தாலும் முரண்பாடு எழாத நடப்பு உண்மைகளையும் ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிஸ் வேறுபடுத்திக் காட்டினார். மழை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பயிற்சிக்கு, சென்னையில் 400 மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளியை எண்ணிக்கொள்ளுங்கள். “இப்பள்ளியில் ஒரே தேதியில் பிறந்தநாள் வரும் இருவராவது இருக்கிறார்கள்” என்பது நமது கூற்று. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட ‘முறை பற்றிய உரை’யில் தந்த நான்கு விதிகளையும் இதன்மீது செலுத்திப் பார்ப்போம்.

முதல் விதி, அவசரத்தையும் முற்சாய்வையும் விலக்கி, ஐயுற வழியே இல்லாத அளவுக்குத் தெளிவாக மனத்தின்முன் நிற்பதை மட்டும் ஏற்பது. “இத்தனை பேரில் இருவராவது இல்லாமலா போவார்கள்” என்று தோன்றுவது தெளிவு அன்று, பழக்கம். நூறு மாணவர்களே இருந்தாலும், பிறப்புகள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியுள்ளன என்று கொண்டால், அத்தகைய இருவர் இல்லாதிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் அது உறுதி ஆகாது, ஏனெனில் நூறு பேருக்கும் வெவ்வேறு தேதிகள் அமைவதில் முரண்பாடு எதுவும் இல்லை. மிகப் பெரிய வாய்ப்புக்கும் உறுதிக்கும் உள்ள இந்த இடைவெளியை உணராதவருக்கு மேற்கொண்டு எதுவும் பயன்படாது என்பதால், இங்கே வேண்டிய நேரம் தங்குங்கள்.

அடுத்த இரு விதிகளும் எளியவை: சிக்கலைக் கூறுகளாகப் பிரித்து, எளியதிலிருந்து தொடங்கி வரிசையாக மேலேறுவது. லீப் ஆண்டையும் சேர்த்தால் நாட்காட்டியில் 366 தேதிகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பிறந்த தேதி. எவர் தேதியும் மற்றவரோடு ஒத்துப்போகவில்லை என்று கொண்டால் 400 வெவ்வேறு தேதிகள் வேண்டும். இருப்பவையோ 366. எனவே அந்த எடுகோள் தகர்கிறது. ஒவ்வொரு படியையும் தனி வரியில், உங்கள் கைப்படவே எழுதுங்கள்.

நான்காம் விதி எதுவும் விடுபடவில்லை என்று உறுதியாகும்வரை முழுவதையும் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. பலர் இதைச் சடங்காகக் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. டேக்கார்ட் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற ‘மனத்தை நெறிப்படுத்தும் விதிகள்’ இதன் காரணத்தை விளக்குகிறது: நீண்ட வாதத்தின் இறுதியை எட்டும்போது தொடக்கப் படிகளை நாம் நேரே காண்பதில்லை, நினைவை நம்பி நிற்கிறோம், நினைவோ பிழைபடக்கூடியது. ஆகவே, முதற்படியிலிருந்து கடைசிப் படிவரை இடைநிற்காமல் மீண்டும் மீண்டும் மனத்தை ஓட்டி, முழு வாதமும் ஏறக்குறைய ஒரே பார்வையில் அடங்கும் வரை பழக வேண்டும். தாளை மூடிவைத்து, முடிவை அன்றி அதன் காரணத்தை முழுமையாகச் சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். இடையில் தடுமாறினால், தடுமாறிய படியை மேலும் பிரித்து எழுதுங்கள்.

டேக்கார்ட்டின் ‘தியானங்கள்’ நூல் 1641-இல் வெளிவந்தபோது பிரெஞ்சு இறையியலாளர் அந்துவான் அர்னோ எழுப்பிய தடையும் இவ்விடத்தையே தொடுகிறது. தெளிவாகக் காண்பது உண்மை என்பதற்கு இறைவன் பிணை, இறைவன் உண்டு என்பதற்கோ அந்தத் தெளிவே பிணை என்றால், இது வட்டமாகச் சுழலும் வாதம் அல்லவா என்று அவர் கேட்டார். இப்போது நேராகக் காண்பதற்குப் பிணை வேண்டாம், முன்பு கண்டதாக நினைவில் இருப்பதற்கே வேண்டும் என்பது டேக்கார்ட்டின் மறுமொழி. அது முழு நிறைவு தருவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பயில்வோருக்கு அதில் ஒரு கட்டளை உண்டு: நேற்று நிறுவியதை இன்று பயன்படுத்துமுன் அதன் காரணத்தை மறுபடி கண்முன் கொண்டுவாருங்கள்.

முடிவு எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் தனியே குறித்துவையுங்கள். 366-க்கு மேற்பட்டோர் இருந்தால் இருவருக்கு ஒரே தேதி அமையும் என்பது அறிவால் நிற்கிறது. இப்பள்ளியில் 400 பேர் இருக்கிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டைச் சார்ந்தது. பதிவேடு தவறானால் முன்னது அசையாது, பள்ளியைப் பற்றிய முடிவு மட்டும் கேள்விக்குள்ளாகும்.

அடுத்த பயிற்சிக்கு, சதுரமாக வைத்த கோலப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். 1, 1+3, 1+3+5 என ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் 1, 4, 9 என வர்க்க எண்களே வருகின்றன. பத்து வரிசை வரை எண்ணிப் பார்ப்பது நிரூபணம் ஆகாது. ஒரு சதுரத்தின் வலப்புறம் ஒரு நிரல், கீழே ஒரு வரிசை, மூலையில் ஒரு புள்ளி சேர்த்தால் அடுத்த சதுரம் உருவாகிறது. எந்த அளவுச் சதுரத்துக்கும் இவ்வாறு சேரும் புள்ளிகள் முன்பு சேர்ந்தவற்றைவிட ஏன் சரியாக இரண்டு கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பதைத் தாளைப் பாராமல் சொல்ல முடிந்த பிறகு, அதை உறுதியானவற்றின் பட்டியலில் எழுதுங்கள்.