"பாஸ்"ங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு நாமளே தோண்டிப் பாக்குறது எப்படி

முதல்ல என் அசிங்கத்தை சொல்லிடுறேன். கொஞ்ச வருஷம் முன்னாடி நண்பர்கள் க்ரூப்ல பெரிய அறிவாளி மாதிரி ஒரு விளக்கம் போட்டேன், பழைய காலத்து கேடயத்துல நட்ட நடுவுல குமிழ் மாதிரி புடைச்சுக்கிட்டு ஒண்ணு இருக்கும்ல, அதுக்கு இங்கிலீஷ்ல பாஸ்னு பேரு, அது மாதிரியே கூட்டத்துக்கு நடுவுல எடுப்பா தெரியுறவர்தான் பாஸ் ஆனாருன்னு. கேக்குறதுக்கு எவ்ளோ பொருத்தமா இருக்கு பாருங்க. ஆளாளுக்கு சூப்பர்னு சொல்ல, ஒருத்தர் மட்டும் ஒரு வார்த்தை பேசாம அகராதிப் பக்கத்தை ஃபோட்டோ புடிச்சு போட்டாரு. அதுல பாஸ் ரெண்டு தடவை தனித்தனியா இருந்துச்சு. குமிழ் பாஸ் பழைய ஃப்ரெஞ்சுலேருந்து வந்தது, மேலதிகாரி பாஸ் டச்சுலேருந்து வந்தது, ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. மெசேஜை டெலீட் பண்ணிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகல.

அதுக்கப்புறம் ஒழுங்கா தேடக் கத்துக்கிட்டேன். மொழியியல் படிச்சிருக்கணும்னு எல்லாம் அவசியம் இல்ல, பொறுமையும் கொஞ்சம் சந்தேக புத்தியும் இருந்தா போதும். பாஸையே வச்சு சொல்றேன்.

முதல் வேலை, ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைகளைப் பிரிச்சு வைக்கிறது. நம்ம ஆறு இருக்குல்ல, ஓடுறதும் ஆறுதான், அஞ்சுக்கு அப்புறம் வர்றதும் ஆறுதான், சூடு தணியுறதும் ஆறுறதுதான், அதுக்காக ஆத்துல ஆறு படித்துறை இருந்ததால அந்தப் பேரு வந்துச்சுன்னு யாராவது சொன்னா சிரிப்போம்ல. இங்கிலீஷ்ல மட்டும் அதே தப்பை கூசாம பண்றோம். நல்ல அகராதில வேற வேற வேர் இருந்தா தனித்தனி பதிவா போட்டு பக்கத்துல சின்னதா 1, 2ன்னு நம்பர் குடுத்திருப்பாங்க, முதல்ல அந்த நம்பரைப் பாருங்க. குமிழ் பாஸோட சொந்தக்காரன் எம்பாஸ்ங்கிற வார்த்தை, அதாவது கார்டுல எழுத்தை புடைக்க வச்சு அச்சடிக்கிறது. மேலதிகாரி பாஸோட குடும்பமே வேற. (தமிழ்ல எழுதும்போது பரீட்சைல பாஸ் ஆகுறதும் இதுல சேந்துக்கும், அந்தப் பஞ்சாயத்தை இங்க விட்டுருவோம்.)

ரெண்டாவது, அர்த்தத்தை படிக்கிறதுக்கு முன்னாடி தேதியைப் படிங்க. ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்ஷனரி இதுக்குன்னே கட்டுன அகராதி. முதல் பகுதி 1884ல வந்துச்சு, முழுசா முடிய 1928 ஆயிடுச்சு, ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்கள் பழைய புக்கெல்லாம் படிச்சு எந்த வார்த்தை எங்க எப்ப வந்துச்சுன்னு துண்டுச் சீட்டுல எழுதி அனுப்புனாங்க, அதை அடுக்கி கோத்ததுதான் அது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழே உதாரண வரிகள் பழசுலேருந்து புதுசு வரைக்கும் வரிசையா இருக்கும். காசு கட்டணும், ஆனா நிறைய லைப்ரரி மெம்பர்களுக்கு லாகின் ஃப்ரீயா கிடைக்கும், கேட்டுப் பாருங்க. அது இல்லன்னா எட்டிமான்லைன்னு ஒரு இலவச சைட் இருக்கு, ஆரம்பிக்கிறதுக்கு அது போதும்.

பாஸுக்கு அப்படி தேதி பாத்துட்டே பின்னாடி போனா ஒரு ஆச்சரியம் காத்திருக்கு. அமெரிக்கால மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்துக்கு கவர்னரா இருந்தவர் ஜான் வின்த்ராப், அவர் எழுதின நாட்குறிப்புல 1635 நவம்பர்ல ஒரு சின்னக் கப்பல் வந்து சேந்ததை எழுதுறாரு, அதுல கார்டினர்னு ஒருத்தர் வந்திருக்காரு, கோட்டை கட்டுற இன்ஜினியர், ஹாலந்துல வேலை பாத்துட்டு வந்தவரு. அவரை வின்த்ராப் என்னன்னு சொல்றாருன்னா "வொர்க் பேஸ்"னு. அது வேற ஒண்ணும் இல்ல, டச்சுல வேலையை மேய்க்கிற ஆளுக்கு வெர்க்பாஸ்னு பேரு, அதை வின்த்ராப் தன் காதுல விழுந்தபடி எழுதி வச்சிருக்காரு. ஸ்பெல்லிங் பாத்தீங்கன்னா பி ஏ எஸ் இ. இன்னைக்கு இருக்கிற பி ஓ டபுள் எஸ் கிடையாது.

இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இன்னைக்கு இருக்கிற ஸ்பெல்லிங்கை மட்டும் டைப் பண்ணி தேடினா வின்த்ராப் கண்ணுலயே பட மாட்டாரு. அதனால தேடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இந்த ஒலியை இங்கிலீஷ் காதுக்காரன் எப்படி எல்லாம் எழுதியிருப்பான்னு நாலஞ்சு விதமா எழுதி வச்சுக்கோங்க. இன்னொரு கண்ணிவெடியும் இருக்கு. பழைய அச்சுல சின்ன எஸ் நீளமா எஃப் மாதிரியே இருக்கும், ஸ்கேன் பண்ணின கம்ப்யூட்டர் அதை எஃப்னே படிச்சு வச்சிருக்கும், அதனால எஸ் வர்ற இடத்துல எஃப் போட்டும் ஒரு தடவை தேடணும். தலைகீழாவும் நடக்கும், நான் ஒரு தடவை 1700கள்ல பாஸ் கிடைச்சிருச்சுன்னு குதிச்சுட்டு ஒரிஜினல் பக்கத்தை பெருசு பண்ணி பாத்தா அது லாஸ், நஷ்டம்ங்கிற லாஸ், எல் எழுத்தோட அடியில மை கசிஞ்சு பி மாதிரி ஆயிருந்துச்சு. கூகுள் புக்ஸோ ஆர்க்கைவோ எதுவா இருந்தாலும் பக்கத்தோட படத்தை கண்ணால பாக்காம எதையும் நம்பாதீங்க.

அடுத்து பெரிய இடைவெளி. இப்போ இருக்கிற ஸ்பெல்லிங்ல பாஸ் தெளிவா கிடைக்கிறது 1806ல, நியூயார்க் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதினதுல. 1635க்கும் 1806க்கும் நடுவுல 170 வருஷம், அத்தனை காலமும் வார்த்தை எங்க போய் ஒளிஞ்சிருந்துச்சு? எங்கயும் போகல, வாய்லதான் இருந்துச்சு. முதல்ல எழுத்துல சிக்கின தேதி வேற, வார்த்தை பிறந்த தேதி வேற, இதைக் குழப்பிக்காதீங்க. அந்த இடைவெளியை நிரப்ப அகராதியை மூடி வச்சுட்டு மேப்பைத் திறக்கணும்.

நியூயார்க்குக்கு பழைய பேரு நியூ ஆம்ஸ்டர்டாம், டச்சுக்காரன் கட்டின ஊரு. 1664ல இங்கிலீஷ்காரன் வந்து புடிச்சு பேரை மாத்துனான், ஆனா கொடி மாறின வேகத்துல வீட்டுல பேசுற பேச்சு மாறாதுல்ல. ஹட்சன் ஆத்துப் பக்கம் ஊர்கள்ல தலைமுறை தலைமுறையா டச்சு ஓடிட்டுதான் இருந்துச்சு. எவ்ளோ தூரம்னா, 1782ல கிண்டர்ஹூக்ங்கிற ஊர்ல பிறந்து அப்புறம் அமெரிக்காவோட எட்டாவது ஜனாதிபதி ஆன மார்ட்டின் வான் ப்யூரனுக்கு தாய்மொழியே டச்சுதான். இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவருதான். அப்படிப்பட்ட ஊர்கள்ல பட்டறைக்காரனை வேலையாளு பாஸ்னு கூப்பிட்டதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. இதை சரிபாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, கூட வந்த சொந்தக்காரங்களை தேடுங்க. ஒரு மொழிலேருந்து ஒரு வார்த்தை தனியா வண்டி ஏறி வராது. குக்கி, கோல்ஸ்லா, வீட்டு வாசப்படிக்கு அமெரிக்காக்காரன் சொல்ற ஸ்டூப், சாண்டா க்ளாஸ் எல்லாமே அதே டச்சு வண்டில வந்து இறங்கினதுதான்.

சரி, இப்போதான் முக்கியமான இடம். எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா பாதிதான் கிடைக்கும். எந்த வார்த்தையை ஓரம் கட்டிட்டு இது உள்ள வந்துச்சுன்னு கேளுங்க, மீதி தானா வெளிய வரும். என்னைக் கேட்டா வார்த்தை வரலாறுல பாதி விஷயம் இந்த ஒரு கேள்விலதான் இருக்கு, நிறைய பேர் இதைக் கேக்குறதே இல்ல.

பாஸ் வர்றதுக்கு முன்னாடி முதலாளியைச் சொல்ல இங்கிலீஷ்ல நல்லாவே புழங்கின வார்த்தை இருந்துச்சு, மாஸ்டர். அதை ஏன் விட்டாங்க? அமெரிக்கால மாஸ்டர்னா அடிமையை வச்சிருக்கிறவன்னு அர்த்தம் ஒட்டிக்கிச்சு. கூலிக்கு வேலை பாக்குற வெள்ளைக்காரனுக்கு நான் என்ன அடிமையா, நான் எதுக்கு மாஸ்டர்னு கூப்பிடணும்னு ரோஷம், புதுசா சுதந்திரம் வாங்கின நாடு வேற. கைக்கு பக்கத்துல டச்சு பாஸ் கிடந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க. இது நானா கட்டின கதை இல்ல, அந்தக் காலத்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1838ல "தி அமெரிக்கன் டெமாக்ரட்"ங்கிற புக்ல இதைப் புடிச்சுக்கிட்டு பொரிஞ்சு தள்ளியிருக்காரு, மாஸ்டர்னு சொல்ல மாட்டேங்கிறீங்க, அதுக்கு பதிலா சொல்ற பாஸுக்கும் டச்சுல அதே மாஸ்டர்தானய்யா அர்த்தம்னு. அவர் சொன்னது அகராதிப்படி நூத்துக்கு நூறு சரி. ஆனா கூப்பிடுறவனுக்கு டச்சு அகராதியா முக்கியம், வாய்ல வரும்போது தலை குனியாம இருக்கணும், அவ்ளோதான். இப்படி ஒருத்தர் கடுப்பாகி திட்டி எழுதினது கிடைச்சா விட்றாதீங்க, ஒரு புது வார்த்தை நிஜமாவே ஜனங்க வாய்ல புழங்குச்சுங்கிறதுக்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது.

இதோட நிறுத்தாம அதே வார்த்தை வேற எந்தெந்த மண்ணுல இறங்குச்சுன்னும் பாருங்க. டச்சுக்காரன் ஒரு இடத்துக்கா போனான். தென்னாப்பிரிக்காவுக்கும் போனான், அங்க ஆஃப்ரிகான்ஸ் மொழில பாஸ் அப்படியே தங்கிச்சு, ஆனா அங்க கறுப்பின வேலையாட்கள் வெள்ளைக்காரனைக் கூப்பிட வேண்டிய வார்த்தையா போச்சு. வெள்ளையர் மேலாதிக்கத்துக்கே பாஸ்காப்னு பேரு வச்சு, 1954லேருந்து 1958 வரைக்கும் பிரதமரா இருந்த ஸ்ட்ரைடம் அதை வெளிப்படையாவே கொள்கைன்னு சொன்னாரு. நியூயார்க்ல மாஸ்டர்ங்கிற வார்த்தைலேருந்து தப்பிக்க ஓடி வந்து புடிச்ச வார்த்தை, கேப் டவுன் பக்கம் அந்த மாஸ்டராவே உக்காந்துடுச்சு. இதை முதல் தடவை பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சு பாத்தப்போ எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

மூணாவது மண்ணு இலங்கை. 1656ல கொழும்பு, 1658ல யாழ்ப்பாணம்னு புடிச்ச டச்சுக்காரன் 1796 வரைக்கும் கரையோரத்தை ஆண்டான். அங்க சிங்களத்துல பாஸ்னா இன்னைக்கும் கொத்தனாரு, தச்சரு மாதிரி கைத்தொழில் தெரிஞ்சவரு, மேசன் பாஸ், வடு பாஸ்னு சொல்லுவாங்க. இப்போ திரும்ப வின்த்ராப்கிட்ட போங்க, 1635ல கப்பல்லேருந்து இறங்கின கார்டினரும் கட்டுமான வேலை தெரிஞ்ச ஆளுதானே. அமெரிக்கால தொலைஞ்சு போன பழைய அர்த்தம் இலங்கைல செங்கல்லும் சிமெண்டும் கையுமா உசுரோட நிக்குது.

அமெரிக்கால அது எப்படி மாறுச்சுன்னு சுருக்கமா: பட்டறை முதலாளிலேருந்து கட்சியைக் கைக்குள்ள வச்சிருக்கிறவனுக்கு பட்டம் ஆச்சு, நியூயார்க்ல டாமனி ஹால்ங்கிற ஊழல் அரசியல் கும்பலை ஆட்டி வச்ச வில்லியம் ட்வீடை எல்லாரும் பாஸ் ட்வீட்னுதான் சொன்னாங்க. தாமஸ் நாஸ்ட் 1871ல அவரோட தலை இருக்க வேண்டிய இடத்துல பண மூட்டையை வச்சு கார்ட்டூனே போட்டாரு. ஆளு 1878ல ஜெயில்லயே செத்துப் போனாரு. அதுக்கப்புறம் வினைச்சொல்லா அதிகாரம் பண்றது, பாஸின்னா சும்மா சும்மா அதட்டுறவங்க, வீடியோ கேம்ல லெவல் கடைசில வந்து உதைக்கிற பெரிய வில்லன், எல்லாம் ஒண்ணுலேருந்து ஒண்ணு கிளைச்சது. இந்த மாதிரி கிளையை எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு தேதி போடுங்க, தேதி இல்லாத கிளையை வெட்டிருங்க.

எங்க நிறுத்தணும்னும் தெரியணும். டச்சுக்கு பின்னாடி பாஸோட வேர் என்னன்னு கேட்டா அகராதிக்காரங்களே தெளிவில்லைன்னுதான் எழுதுறாங்க, அங்க நாமளும் பேனாவை மூடி வச்சுடணும், லத்தீன்ல மாட்டுக்கு போஸ்னு பேரு, அதுலேருந்து வந்திருக்குமோன்னு இழுக்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை போட்டு விரிச்சு இதுதான் பாஸோட ஃபுல் ஃபார்ம்னு யாராவது ஃபார்வேர்ட் அனுப்பினா திறந்து பாக்கவே வேண்டாம், முதல் எழுத்துகளைச் சேத்து வார்த்தை பண்றது 20ஆம் நூற்றாண்டுக்கு முன்னாடி ரொம்ப ரொம்ப அபூர்வம், பாஸ் அதை விட கிழம்.

கை பழகணும்னா இன்னும் சில பதவிப் பேரை எடுத்துக்கோங்க. கேப்டனும் சீஃபும் லேசு, ரெண்டுமே லத்தீன்ல தலைங்கிற காபுட்லேருந்து வந்தது, நம்ம தலைவர் மாதிரியேதான். சார்ஜென்ட்டைத் தோண்டினா வேலைக்காரன் வருவான், மார்ஷலைத் தோண்டினா குதிரை லாயத்துல நிக்கிற ஆளு. மாஸ்டரோட வேர்ல அதிகம்ங்கிற சொல் இருக்கு, மினிஸ்டரோட வேர்ல குறைவுங்கிற சொல் இருக்கு, மந்திரிகள்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. லார்டுக்கு பழைய இங்கிலீஷ்ல ரொட்டியைக் காக்குறவன்னு அர்த்தம்.

எல்லாத்தையும் விட நல்ல பயிற்சி கர்னல். இங்கிலீஷ்ல எழுதும்போது நடுவுல எல், சொல்லும்போது ஆர், இது என்ன கூத்துன்னு எல்லாரும் கேப்பாங்க. பதிலை நேரா தேடாதீங்க, ஒரு பேப்பரை எடுத்து 1500கள்லேருந்து கிடைக்கிற ஸ்பெல்லிங்கை மட்டும் தேதியோட ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதிட்டே வாங்க, எல் போட்டது இத்தாலிப் பக்கம், ஆர் போட்டது ஃப்ரெஞ்சுப் பக்கம்னு ரெண்டு வரிசை உங்க கண்ணு முன்னாடியே பிரியும், அப்புறம் எழுதுறவங்க ஒரு வரிசையையும் பேசுறவங்க இன்னொரு வரிசையையும் புடிச்சுக்கிட்டதும் தெரியும். தமிழ்ல நாம ர் போட்டுத்தான் எழுதுறோம், அது எந்த வரிசைல சேரும்னு அந்தப் பேப்பர்லயே குறிச்சு வச்சுக்கோங்க.