கடுகில் கலப்புக்குத் தாய்ச்செடி, தந்தைச்செடி தேர்ந்தெடுப்பது எப்படி?

கடுகுப் பூவில் கலப்பு செய்வது ஒரு மாலை, ஒரு காலை வேலை. எந்த இரண்டு செடியைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கத்தான் ஒரு பருவம் முழுக்க உழைக்க வேண்டும்.

படி 1: விதை சேர்த்தல்

முதல் வருடம் கோத்தகிரியைச் சுற்றி ஐந்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) விதை வாங்கி வந்தேன். முளைத்து வளர்ந்தபோது நான்கு வரிசைகள் ஒரே அச்சாக நின்றன. விசாரித்தால், அந்த நான்கு வீட்டிலும் ஒரே சந்தையில் வாங்கிய கடுகு! ஊர் வேறு என்பதால் மரபணுவும் வேறாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். "இந்த விதை எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது? யார் கொடுத்தது?" என்று கேட்டு எழுதி வையுங்கள்.

படி 2: ஒன்றாக விதைத்தல்

எல்லா வகையையும் ஒரே நாளில், வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டு விதையுங்கள். நம் மலைச்சரிவில் மேல்பாத்தி சீக்கிரம் காயும், கீழ்ப்பாத்தியில் ஈரம் நிற்கும். ஒரு வகை கீழே மட்டும் இருந்தால், அது செழித்தது விதையாலா ஈரத்தாலா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வகையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் இருக்கட்டும்.

படி 3: அளத்தல்

பூக்க எடுத்த நாள், கிளைகள், காய்கள், காய்க்கு எத்தனை விதை, 1,000 விதையின் எடை. இவை போதும்.

படி 4: தூரம் கணக்கிடுதல்

இரண்டு வகையும் அளந்த பண்புகளில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைத்தான் தூரம் என்கிறோம். உதாரணத்துக்கு, ஒரு வகை 40 நாளில் பூக்கிறது, 1,000 விதையின் எடை 3 கிராம். இன்னொன்று 52 நாள், 4.5 கிராம். வித்தியாசம் 12 நாள், 1.5 கிராம். நாளையும் கிராமையும் அப்படியே கூட்ட முடியாது. ஒவ்வொன்றையும் அதன் திட்ட விலக்கத்தால் (அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கால்) வகுக்க வேண்டும். அது 6 நாள், 0.5 கிராம் என்றால் விடை 2, 3. வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 4 + 9 = 13. சின்னதாகத் தெரிந்த எடையில்தான் விலகல் அதிகம், பாருங்கள். பண்புகளுக்குள் இருக்கும் தொடர்பையும் சேர்த்துக் கணக்கிடுவது புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1936இல் தந்த முறை. பயிர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

படி 5: தேர்வு

தூரம் அதிகம் என்பதற்காக நோஞ்சான் செடியை எடுக்காதீர்கள். இரண்டும் நன்றாகக் காய்க்க வேண்டும், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்ட வேண்டும். நான் முதலில் பார்ப்பது காய்ப்பு, அப்புறம்தான் தூரம்.

படி 6: கலப்பு

அடுத்த பருவத்தில், தாமதமாகப் பூக்கும் வகையை 12 நாள் முன்பே விதைத்துவிடுங்கள். மாலையில், தாய்ச்செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டைத் திறந்து ஆறு மகரந்தத்தாள்களையும் இடுக்கியால் எடுத்துவிட்டுக் காகிதப்பை மாட்டுங்கள். காலையில் பனிமூட்டம் விலகி, தந்தைப்பூவின் மகரந்தம் உலர்ந்து பொடியாக உதிரும்வரை காத்திருங்கள். அதைத் தாய்ப்பூவின் சூலகமுடியில் தடவி மறுபடி பை மாட்டி, இரண்டு வகையின் பெயரையும் தேதியையும் எழுதிக் கட்டுங்கள்.