ஆசைப்பட்ட மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்த பிறகு வரும் சந்தேகங்களை என்ன செய்வது

அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டமே அதுதான்) விண்ணப்பித்து, இரண்டு மூன்று இடங்களில் அட்மிஷன் கிடைத்து, அதில் முதலாவதாக ஆசைப்பட்ட ஸ்கூலும் இருந்து, அதற்கப்புறமும் 'இங்கேதான் போக வேண்டுமா' என்று மனது இழுத்துக்கொண்டிருந்தால் அதை யாரிடமும் சொல்லக்கூட முடியாது. ஒரு இடம்கூடக் கிடைக்காமல் எத்தனை பேர் இருக்கிறார்கள், உனக்கு என்ன குறை என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாலு வருடம் படிக்கப்போவதும், அதற்கப்புறம் கடனைக் கட்டப்போவதும் நீங்கள்தான்.

முதலில் தேதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பதற்றம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யின் நடைமுறைப்படி ஏப்ரல் 30க்குள் ஒரே ஒரு அட்மிஷனை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். அப்போது 'பிளான் டு என்ரோல்' என்று குறித்தால் போதும், வேறு ஸ்கூல்களின் வெயிட்லிஸ்டில் தொடர்ந்து இருக்கலாம். 'கமிட் டு என்ரோல்' என்பது வேறு; அதைக் குறித்தால் வெயிட்லிஸ்ட் உட்பட எல்லா இடத்திலிருந்தும் விலகிவிட வேண்டும், அதற்கான கெடுவை ஒவ்வொரு ஸ்கூலும் தனியாக வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு தூக்கம் கெடுபவர்கள் நிறையப் பேர். டெக்சாஸ் மாநில ஸ்கூல்களுக்கும் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) ஸ்கூல்களுக்கும் விண்ணப்ப முறையே தனி என்பதால் அவர்களுடைய காலண்டரைத் தனியாகப் பாருங்கள்.

சரி, இப்போது சந்தேகத்துக்கு வருவோம். 'என்னவோ சரிப்படவில்லை' என்று மனதுக்குள் வைத்திருந்தால் அது வளர்ந்துகொண்டேதான் போகும். ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். பக்கத்திலேயே, என்ன பதில் வந்தால் இந்த ஸ்கூலை விட்டுவிடுவேன் என்றும் எழுதுங்கள். அந்த இரண்டாவது வரியை எழுத முடியாத சந்தேகங்கள் சில மிஞ்சும். 'அங்கே எல்லாரும் என்னைவிடப் புத்திசாலிகள்', 'தப்பாக முடிவெடுத்துவிட்டால்?' போன்றவை. அவை பயம். எந்த ஸ்கூலுக்குப் போனாலும் கூடவே வரும், அதனால் முடிவெடுக்கும் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள். வீட்டைவிட்டு வெகுதூரம் போகிறோமே என்பது அந்த வகையில் வராது. மூன்றாம் வருடத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி, அதை எழுத வெட்கப்பட வேண்டாம்.

எழுதிய பட்டியலை இரண்டாவது விருப்பமான ஸ்கூலுக்கும் அப்படியே போட்டுப் பாருங்கள். முதல் விருப்பத்தைத்தான் மாதக்கணக்கில் துருவித் துருவிப் பார்த்திருப்பீர்கள், அதனால் அதன் ஓட்டைதான் கண்ணில் படுகிறது. அடுத்ததைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வெப்சைட்டும் இன்டர்வியூ நாளும் மட்டும் என்றால் அது அழகாகத்தான் தெரியும்.

அடுத்தது மதிப்பெண் முறை. இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், ஏனென்றால் 'நாங்கள் பாஸ்/ஃபெயில்' என்று ஒரு ஸ்கூல் சொன்னால் அதற்குப் பல அர்த்தம் இருக்கலாம். சில இடங்களில் முதல் ஒன்றரை இரண்டு வருடம் பாஸ்/ஃபெயில் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் ரேங்க் வைத்திருப்பார்கள். நேராகக் கேளுங்கள்: ரேங்க் வைக்கிறீர்களா, ரெசிடென்சிக்கு (எம்.டி. முடித்தபின் ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு பெறும் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும்போது ஸ்கூல் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதமான டீன்ஸ் லெட்டரில் அது போகிறதா? அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யூ.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 1 2022 ஜனவரியிலிருந்து பாஸ்/ஃபெயில் ஆகிவிட்டதால், ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும் கிளர்க்‌ஷிப் கிரேடுக்கும் (ஆஸ்பத்திரி வார்டுகளில் பெறும் பயிற்சிக்கான கிரேடு) இப்போது கூடுதல் எடை. அதனால் மூன்றாம் வருடத்தில் 'ஹானர்ஸ்' என்ற உச்ச கிரேடை எத்தனை சதவீதம் பேருக்குக் கொடுக்கிறார்கள், அதில் ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் வரும் ஷெல்ஃப் தேர்வுக்கு எவ்வளவு, வார்டில் கூட இருந்த டாக்டர்களின் மதிப்பீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். புதுக் கட்டடம், சிமுலேஷன் லேப் எல்லாவற்றையும்விட இது உங்கள் வாழ்க்கையைத் தொடும்.

யாரிடம் கேட்பது? இன்டர்வியூ அன்று சுற்றிக் காட்டிய முதல் வருட மாணவர்கள் பாவம், அவர்கள் இன்னும் வார்டையே சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாம், நாலாம் வருடத்தில் இருப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள். 'சந்தோஷமாக இருக்கிறீர்களா' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். போன வாரம் எந்த ரொட்டேஷன் (வார்டுப் பயிற்சி), எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள், அந்த ஆஸ்பத்திரிக்குக் கார் இல்லாமல் போக முடியுமா என்று கேளுங்கள். பேச்சு கொஞ்சம் இளகிய பிறகு இரண்டு கேள்வி: உங்கள் வகுப்பில் யாராவது தேர்வில் தோற்றோ லீவ் எடுத்தோ ஒரு வருடம் தள்ளிப்போனார்களா, ஸ்கூல் அவர்களை எப்படி நடத்தியது? மாணவர்கள் புகார் சொல்லி, கடைசியாக என்ன மாறியது? இரண்டாவது கேள்விக்கு ஒருவர் டக்கென்று ஒரு விஷயத்தைச் சொன்னால் நல்ல அறிகுறி. நீளமாக யோசித்துவிட்டு 'கேட்டுக்கொள்வார்கள்' என்று மட்டும் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லும் குறை அவருடைய சொந்த அனுபவமாக இருக்கலாம். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் அதையே சொன்னால் அது அந்த இடத்தின் குறை.

ஸ்கூலின் அங்கீகார நிலையை, எம்.டி. ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ.யின் தளத்தில் எல்லாரும் பார்க்கலாம், புரொபேஷனில் (குறைகளைத் திருத்தச் சொல்லி எச்சரிக்கப்பட்ட நிலையில்) இருந்தால் அங்கேயே போட்டிருக்கும். அதைவிட ருசிகரமான ஒன்று உண்டு. அங்கீகார ஆய்வு வரும்போது மாணவர்களே ஒரு சர்வே நடத்தித் தனியாக அறிக்கை கொடுப்பார்கள். கடைசி அறிக்கை கிடைக்குமா என்று மாணவர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

மேட்ச் லிஸ்டை, அதாவது யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி கிடைத்தது என்ற பட்டியலை, பார்த்து மயங்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிப் பெயர்கள் தெரியும், ஆனால் அந்த மாணவர் எதைக் கேட்டு எதில் முடிந்தார் என்பது அதில் தெரியாது. மூன்று நாலு வருட லிஸ்டைச் சேர்த்துப் பாருங்கள், மேட்ச் ஆகாதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். டெர்மடாலஜி, ஆர்த்தோ மாதிரிப் போட்டி அதிகமான துறையில் ஆசை இருந்தால் அந்தத் துறைக்கு அங்கேயே ரெசிடென்சி இருக்கிறதா என்பது முக்கியம். இல்லையென்றால் சிபாரிசுக் கடிதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நீங்கள்தான் வெளியே அலைய வேண்டும். தரவரிசைப் பட்டியலைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

அப்புறம் பணம். முதல் விருப்பம் வருடத்துக்கு 20,000 டாலர் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடத்தில் 80,000 என்றுதான் மனது கணக்குப் போடும். ஆனால் இதைக் கடனாக வாங்கினால், கையில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 8 சதவீதம் என்று வைத்தால், முதல் வருடக் கடனுக்கு நாலு வருட வட்டி, அடுத்ததற்கு மூன்று, இப்படியே கூட்டினால் பட்டம் வாங்கும் அன்றைக்கே 16,000 வட்டி சேர்ந்திருக்கும். அதாவது வித்தியாசம் 96,000, ரெசிடென்சி சம்பளம் இன்னும் தொடங்கக்கூட இல்லை. போதாததற்கு 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலரோடு நின்றுவிடும். டியூஷனும் வாடகையும் சேர்ந்து அதற்கு மேல் போனால் மீதிக்குத் தனியார் கடன்தான், அதற்கு உங்களோடு சேர்ந்து இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டி வரலாம். அந்த ஒருவர் யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஸ்கூல் அதிக ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, முதல் விருப்பத்தின் நிதி உதவி அலுவலகத்துக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். சில இடங்களில் கூட்டித் தருவார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள். கேட்டதற்காக அட்மிஷனை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, விட்டுவிடுவேன் என்று எழுதி வைத்த பதில்களில் ஒன்றாவது உண்மையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் முதல் விருப்பத்துக்கே போங்கள், வயிற்றைப் பிசைவது அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. வந்திருந்தால், அதே விஷயத்தில் இரண்டாவது ஸ்கூல் எப்படி என்று தெரிந்த பிறகே மாறுங்கள்.

முடிவானதும் மற்ற ஸ்கூல்களிலிருந்து அன்றைக்கே விலகிவிடுங்கள். கடைசித் தேதிவரை பிடித்து வைத்திருந்தால் வெயிட்லிஸ்டில் இருப்பவருக்கு அத்தனை நாளும் வீண். இரண்டு வரி மெயில் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. போர்ட்டலில் நிலை மாறிவிட்டதா என்று பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.